பதவி உயர்வு பெற்ற சாரம்

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் ஒரு முட்டாள்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. ஆனால் இந்த முறை என் முட்டாள்தனத்துக்கு ஒரு நிறமும் கிடைத்திருக்கிறது. பச்சை... நடுநடுவே அரக்குச் சிவப்பு. குளித்துவிட்டு வந்து கண்ணாடியைப் பார்த்தால் கழுத்தைச் சுற்றி இன்னும் ஒரு மெல்லிய பச்சைக் கோடு ஓடுகிறது. சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன். கோடு போகவில்லை. தேய்த்த தேய்ப்பில் கழுத்து சிவந்ததுதான் மிச்சம். பச்சையும் சிவப்பும் மறுபடியும் ஒன்றாகிவிட்டன.

எல்லாம் ஒரு வீடியோ கோலில்தான் தொடங்கியது.

மகள் அபி மெல்பேர்னில் இருக்கிறாள். இங்கே மாத்தளையில் வெயில் கொளுத்துகிறது என்று நான் அழுதுகொண்டிருந்தபோது, அவள் ஒரு படத்தை அனுப்பினாள். ஒரு வெள்ளைக்கார இளைஞன் சைக்கிளில் சாய்ந்து நிற்கிறான். பளிச்சென்று கட்டம் போட்ட சட்டை. வெளிர் மஞ்சள் களிசான். சப்பாத்துக்குள் மேஸ் இல்லை. முகத்தில் கவலை இல்லை.

"அப்பா, இதுக்குப் பேரு மெட்ராஸ். இங்க வெயில் காலம் வந்தா இதுதான். உள்ள காத்து போகும், வேர்வை நிக்காது. நீங்களும் இப்படி ஒண்ணு போடலாமே?"

படத்தைப் பார்த்தேன். பிறகு குனிந்து என் இடுப்பைப் பார்த்தேன். அதே கட்டம். அதே பச்சை. அதே சிவப்பு. நான் கட்டியிருந்த சாரம்தான் அந்தப் பையனின் நெஞ்சில் நின்று சிரித்துக்கொண்டிருந்தது.

"இது சாரம்தானே?"

"சாரம் இல்லப்பா. மெட்ராஸ்."

கவனியுங்கள். நான் ஒரு ஓய்வுபெற்ற அரசாங்க உத்தியோகத்தன். எங்கள் வீட்டுச் சாரத்துக்கு ஓர் எல்லை உண்டு – முன்வாசல் கேட். மீன்காரர் கேட்டுக்கு வெளியே நின்று கூப்பிட்டாலும், உள்ளே ஓடிப்போய்க் களிசானை மாட்டிக்கொண்டு வந்துதான் சூரைமீன் வாங்குவேன். (அதற்குள் நல்ல மீன் போய்விடும். அது வேறு கதை.) அப்படிப்பட்ட மனிதனிடம், 'நீ ஒளித்து வைத்திருக்கும் துணியைத்தான் உலகம் மேலே போட்டுக்கொண்டு திரிகிறது' என்று சொன்னால் அவன் புத்தி எந்தப் பக்கம் போகும்?

என் புத்தி நேராகத் தையற்கடைக்குப் போனது.

இந்த இடத்தில் என் மனைவி வசந்தியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் இது உண்மையில் அவளுடைய கதை. நான் வழக்கம்போல் நடுவில் புகுந்தவன்.

கணக்கு டீச்சராக இருந்த வசந்திக்கு அதிபர் பதவி கிடைத்தது. யட்டவத்தைப் பக்கம் ஒரு பாடசாலை. பொறுப்பேற்கும் நாளில் சின்னதாக ஒரு வரவேற்பு விழா வைத்திருந்தார்கள். பல வருடம் காத்திருந்து வந்த பதவி. ஆனால் அவளுடைய கவலை பதவியைப் பற்றியது அல்ல... பட்டப்பெயரைப் பற்றியது.

பிள்ளைகள் பட்டப்பெயர் வைப்பதற்கு அதிக நேரம் எடுத்துக்கொள்வதில்லை. முதல் நாள் கண்ணில் படுவது எதுவோ அதுதான் பெயர். ஒரு தடவை வைத்துவிட்டால் இடமாற்றம் கிடைத்தாலும் பின்னாலேயே வரும். முன்பிருந்த பாடசாலையில் ஒரு விளையாட்டுப் போட்டிக்கு நான் செம்மஞ்சள் டீ-சேட்டும் அதே நிறத்தில் தொப்பியும் போட்டுக்கொண்டு போயிருந்தேன். அதற்குப் பிறகு அவள் அங்கே இருந்த காலம் முழுவதும் 'பப்பாசி டீச்சர்'. அவள் ஒரு நாளும் செம்மஞ்சள் உடுத்தியவள் அல்ல. பழம் நான், பெயர் அவளுக்கு.

"என்னங்க," என்றாள், விழாவுக்கு முந்தைய வாரம். தோசை சுட்டுக்கொண்டே சொன்னாள். அவள் தோசை சுட்டுக்கொண்டு சொல்வதெல்லாம் சட்டம். "எனக்கு நீங்க ஒண்ணும் வாங்கித் தர வேணாம். பேச வேணாம். அன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் யாரும் உங்களப் பாக்கக் கூடாது. அவ்வளவுதான்."

"வராமலே இருந்திடவா?"

"வரணும். வந்து, யாரும் பாக்காம உக்காந்திருக்கணும்."

சரி என்றேன். மனதாரத்தான் சொன்னேன். நம்புங்கள்.

ஆனால் அதற்குள் கடைத்தெருவில் புதுச் சாரம் இரண்டு வாங்கியாகிவிட்டது. ஒட்டியிருந்த தங்க நிற லேபலைக்கூட உரிக்காமல் ரவூப் நானாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தும் ஆகிவிட்டது. ரவூப் நானா எனக்கு முப்பது வருடமாகத் தைக்கிறவர். என் வயிற்றின் வரலாற்றை அளவுநாடாவில் அறிந்த ஒரே மனிதர்.

துணியைப் பிரித்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"சேர், இது சாரமாச்சே."

"சாரம் இல்ல நானா. மெட்ராஸ்."

"மெட்ராஸ்ல இருந்தா வந்திச்சி?"

"மெல்பேர்ன்ல இருந்து."

நானா துணியை மேசையில் விரித்து, கட்டங்களை விரலால் எண்ணினார். பிறகு அவருக்கும் அந்தப் பைத்தியம் தொற்றிக்கொண்டது. "கட்டத்துக்குக் கட்டம் சேத்து அடிச்சித் தாரேன் சேர். பொத்தான் பூட்டினா முன்னுக்கு வெட்டே விளங்காது. பொக்கட் ஈக்கா இல்லியாண்டு ஒங்களுக்கே தெரியப்படாது."

"ஊற வச்சுத் தரவா?" என்று கேட்டேன். கேட்டேன் ஐயா, கேட்டேன். அது மட்டும் என் பக்கத்து நியாயம்.

"வேணாம் சேர். தண்ணி பட்டா இந்த மொடமொடப்பு போயிரும். வெட்டுறத்துக்கு வராது. விழாவ முடிச்சிட்டுக் கழுவுங்க."

மிச்சத் துணியில் ஒரு தொப்பியும் தைத்துத் தருவதாகச் சொன்னார். பப்பாசி நினைவுக்கு வந்தது. வேண்டாம் என்றேன். அந்த அளவுக்கு எனக்கும் அறிவு இருக்கிறது.

சட்டை வந்தது. சும்மா சொல்லக்கூடாது, அற்புதம். இடது மார்பில் பொக்கட்டைத் தேடிப் பார்த்தேன். விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. படம் எடுத்து அபிக்கு அனுப்பினேன். கீழே என்ன போடப் போகிறீர்கள் என்று உடனே கோல் எடுத்தாள்.

"கோடு போட்ட களிசான் ஒண்ணு இருக்கு."

"அப்பா. ஒருத்தர் பேசும்போது மத்தவங்க வாய மூடிக்கிட்டு இருக்கணும்ல? இதுவும் அப்படித்தான். சேட் பேசுது. களிசான், பெல்ட், சப்பாத்து எல்லாம் கேட்டுக்கிட்டு சும்மா இருக்கணும். எல்லாம் சேந்து பேசினா சந்தை."

நல்ல விளக்கம். இதே விளக்கத்தை அவள் அம்மா என்னைப் பற்றி வேறு வார்த்தைகளில் பல தடவை சொல்லியிருக்கிறாள்.

ஆக, வெளிர் மஞ்சள் களிசான். மண்ணிற பெல்ட். வேலைப்பாடு இல்லாத சப்பாத்து. மேஸ் போட்டுக்கொண்டேன். வெள்ளைக்காரன் அளவுக்கு எனக்குத் துணிச்சல் இல்லை.

விழா நாள் காலையில் வசந்தி நேரத்தோடு வேனில் போய்விட்டாள். வெளிர் சாம்பல் நிறத்தில் கைத்தறிச் சேலை, மெல்லிய கரை. கட்டிலில் எனக்காக ஒரு வெள்ளைச் சட்டையை அயர்ன் பண்ணி விரித்து வைத்திருந்தாள். இரண்டு கையும் நீட்டிக்கொண்டு, அது என்னைப் பார்த்துக் கெஞ்சியது.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? இந்தக் கட்டம் ஊரெல்லாம் இருக்கிறது. வீட்டுக்கு வீடு, கொடிக்குக் கொடி காய்கிறது. தன் வீட்டிலும் இருக்கிற ஒன்றை எவன் திரும்பிப் பார்ப்பான்? வெள்ளைச் சட்டையைவிட இதுதான் கண்ணுக்குப் படாத உடுப்பு!

இப்படி ஒரு தர்க்கத்தைக் கணக்கு டீச்சரின் புருஷன் போடலாமா? போட்டேன். சட்டையையும் போட்டேன்.

பஸ்ஸில் நிற்கத்தான் இடம் கிடைத்தது. என் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு மனிதர் நின்றார். கீழே குனிந்து பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டேன். அவர் இடுப்பில் என் சட்டை. என் நெஞ்சில் அவர் சாரம். அவரும் பார்த்துவிட்டார். மேலும் கீழுமாக இரண்டு தடவை பார்த்தார்.

"புதுசா, சேர்?"

"ம்."

"உப்புத் தண்ணியில ஊறப் போட்டீங்களா? இந்தப் பச்சை கொஞ்சம் இறங்குமே."

நானும் வாழ்நாள் முழுக்க ஊறப் போட்டவன்தான். புதுச் சாரம் வாங்கினால் வாளித் தண்ணீரில் ஒரு கைப்பிடி உப்பு, ஒரு இரவு. எங்கள் வீட்டில் எந்தச் சாரமும் அந்த வாளியைக் கடக்காமல் என் இடுப்புக்கு வந்ததில்லை. தெரியாத விஷயமா என்ன? ஆனால் வாய் என்ன சொன்னது தெரியுமா?

"இது சாரம் இல்லைங்க. மெட்ராஸ்."

"அப்படியா," என்றார் அவர். என்னைவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார். அவர் போட்டிருந்தது வெள்ளைச் சட்டை.

பாடசாலை மண்டபம் தகரக் கூரை போட்டது. உள்ளே போனதும் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. பிள்ளைகள் எல்லோரும் வெள்ளை. சுவரிலிருந்து சுவர் வரை வெள்ளைச் சீருடை. முன்வரிசையில் விருந்தினருக்குப் போட்ட கதிரைகளுக்கும் வெள்ளை உறை. அந்த வெள்ளை வெளிக்கு நடுவே நான் – கொட்டிப்போன பெயின்ட் வாளி மாதிரி.

போய் உட்கார்ந்தேன். வசந்தி மேடையில் இருந்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு பார்க்காதது போல் மண்டபத்தின் மறுபக்கத்தைப் பார்த்தாள். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் பின்வரிசை வாங்கில் ஒருவன் பிழை செய்தால், எல்லோருக்கும் முன்னால் காட்டாமல் பிறகு கவனித்துக்கொள்வோம் என்று விடுகிற பார்வை அது. வீட்டில் நான் பல தடவை சந்தித்திருக்கிறேன்.

அப்போது கரண்ட் போனது.

மின்விசிறிகள் ஒவ்வொன்றாகச் சோர்ந்து நின்றன. தகரம் மேலே கொதித்தது. எனக்கு வேர்க்க ஆரம்பித்தது. லேஞ்சியை எடுக்கப் பொக்கட்டைத் தேடினேன்... ரவூப் நானாவின் கைவண்ணம், பொக்கட் கிடைக்கவில்லை. ஒருவழியாக விரலுக்கு அகப்பட்டு, லேஞ்சியை உருவிக் கழுத்தைத் துடைத்தேன்.

லேஞ்சி பச்சையாக இருந்தது.

மறுபக்கத்தால் துடைத்தேன். அது சிவப்பாக இருந்தது.

பக்கத்தில் பெற்றோர் சங்கச் செயலாளர் உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர், மெதுவாகக் குனிந்து, "சேர், சுகமில்லையா?" என்று கேட்டார். இல்லை, வெக்கைதான் என்றேன். அவர் என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் நிமிர்ந்து உட்காரலாம் என்று முதுகைக் கதிரையிலிருந்து எடுத்தேன். ஏதோ ஒட்டியிருந்தது பிரிகிற சத்தம். திரும்பிப் பார்த்தேன்.

வெள்ளைக் கதிரை உறையில் என் முதுகு அச்சடித்திருந்தது. கட்டத்துக்குக் கட்டம், சுத்தமாக!

மறுபடியும் சாய்ந்துகொண்டேன். இனி விழா முடிந்து கடைசி ஆள் போகும்வரை இந்தக் கதிரையை விட்டு எழும்பப் போவதில்லை என்று முடிவு செய்தேன். யாரும் என்னைப் பார்க்கக் கூடாது என்றாளே – இதோ, சுவரோடு சுவராக, கதிரையோடு கதிரையாக இருந்துவிடுகிறேன். ஒரு பிள்ளை பார்த்தால் போதும். நாளைக் காலை அவள் 'சாயம் டீச்சர்'. பல வருடம் காத்திருந்து வந்தவளுக்கு அதுதான் பெயர்ப்பலகை. மனதில் இருந்த சிரிப்பெல்லாம் அந்த நிமிடம் வற்றிவிட்டது.

கரண்ட் வந்தது. மைக்கும் வந்தது.

"அடுத்ததாக," என்றார் அறிவிப்பாளரான இளம் ஆசிரியர், "எமது புதிய அதிபரின் அன்புக் கணவரும், நாமெல்லாம் வாரம்தோறும் விரும்பிப் படிக்கும் பத்தி எழுத்தாளருமான..."

வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அடக்கம் என்று நினைத்துக் கை தட்டினார்கள். கும்பிட்டேன். இன்னும் பலமாகத் தட்டினார்கள். செயலாளர் என் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். எழும்பிய வேகத்தில், மடியில் வைத்திருந்த பொலித்தீன் பையைக் கதிரை முதுகில் மாட்டினேன். அச்சில் பாதி மறைந்தது. மீதியைக் கடவுளிடம் ஒப்படைத்துவிட்டு, சாயம் இறங்கிய முன்பக்கம் மேடைக்கும் பின்பக்கம் சபைக்கும் தெரியாதபடி நண்டு மாதிரிப் பக்கவாட்டில் படியேறினேன்.

மேடையில் வசந்தி நின்றாள். அப்போதுதான் அவளுக்குப் பொன்னாடை போர்த்தியிருந்தார்கள். மடித்துக் கையில் வைத்திருந்தாள். தங்கக் கரை, மெரூன் நிறம், பொலியெஸ்டர். என்னைக் கிட்டத்தில் பார்த்தாள். கழுத்தைப் பார்த்தாள். வெளிர் மஞ்சள் களிசானின் இடுப்பில் இறங்கத் தொடங்கியிருந்த பச்சையைப் பார்த்தாள். ஒரு கணக்கை மனதுக்குள் போட்டு முடிக்கும்போது அவள் கண் சற்றுச் சுருங்கும். சுருங்கியது.

பொன்னாடையை விரித்தாள். இரண்டு எட்டு முன்னால் வந்தாள். என்னைச் சுற்றிப் போர்த்தினாள். தோளில் சும்மா போடவில்லை. சலூனில் முடி வெட்ட உட்காரவைத்துத் துணி கட்டுவார்களே, அப்படித் தாடைக்குக் கீழே இழுத்து, ஒரு முனையை மற்ற முனைக்குள் சொருகி, முழங்கால்வரை மூடிவிட்டாள்.

மண்டபம் அதிர்ந்தது. தனக்குப் போர்த்திய பொன்னாடையை எடுத்துக் கணவனுக்குப் போர்த்துகிறாளே! முன்வரிசையில் ஒரு தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நானே பார்த்தேன். செயலாளர் எழும்பி நின்று தட்டினார். ஆளாளுக்குப் போன் எடுத்துப் படம் பிடித்தார்கள்.

படத்துக்குச் சிரித்துக்கொண்டே, பல்லைத் திறக்காமல் வசந்தி சொன்னாள்: "கைய தூக்காதீங்க. யாருக்கும் கை குடுக்காதீங்க. புள்ளைங்க கிட்ட வந்தா பின்னால போங்க."

தூண் மாதிரி நின்றேன்.

பிறகு அவள் மைக்கைப் பிடித்தாள். நீளமாகப் பேசவில்லை. "நீங்க எனக்கு ஒரு பேர் வைப்பீங்க, எனக்குத் தெரியும்," என்றாள் பிள்ளைகளிடம். பின்வரிசையில் சிரிப்பு வெடித்தது. "நானும் சின்ன வயசுல டீச்சருக்கெல்லாம் வச்சிருக்கேன். ஆனா அதுக்கு முன்னாடி நான் உங்க எல்லாரோட பேரையும் படிச்சு முடிச்சிடுவேன். யாரு முந்துறாங்கன்னு பாப்போம்."

அவ்வளவுதான். அந்தப் பிள்ளைகளின் முகம் மாறியதைப் பார்க்க வேண்டுமே! சாம்பல் சேலையில் நின்ற அந்த ஒல்லியான பெண்ணைத் தவிர அந்த மண்டபத்தில் வேறு எதுவும் எவர் கண்ணுக்கும் படவில்லை. பின்னால் பொன்னாடைக்குள் நான் வெந்துகொண்டிருந்தேன். வேர்வை முதுகில் ஓடியது. என்னென்ன நிறத்தில் ஓடியதோ தெரியாது. ஆனால் சொன்னால் நம்புங்கள் – யாரும் என்னைப் பார்க்காமல் இருந்தது எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றினேன். பெனியன் உலக வரைபடமாகியிருந்தது. பெரிய வாளியில் உப்புத் தண்ணீர் கலந்து முற்றத்தில் வைத்துவிட்டு வசந்தி சொன்னாள்:

"ஊறப் போடுங்க."

"சேட்டையா?"

"ஆளையும்தான்."

கதிரை உறையைக் கேட்டு வாங்கி வந்து நானே துவைத்துக் கொடுத்தேன். வாளித் தண்ணீர் முதல் நாள் நாவற்பழச் சாறு, அடுத்த நாள் தேயிலைச் சாயம், பிறகு வெறும் தண்ணீர். சட்டை இப்போது எப்படி இருக்கிறது தெரியுமா? மொடமொடப்பெல்லாம் போய், துணி உடம்போடு இணங்கி நிற்கிறது. பச்சையும் சிவப்பும் ஒன்றையொன்று தள்ளாமல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை அதைப் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனேன். ரவூப் நானா கடைவாசலில் நின்று, "இப்பதான் சேர் சட்ட மாதிரி ஈக்கி," என்றார். ஊறவைக்க வேண்டாம் என்று சொன்ன மனிதர்!

ஆக, பளிச்சென்ற துணி போடக் கூடாதா? தாராளமாகப் போடுங்கள். இந்த வெயிலுக்கு அதைவிடச் சுகம் கிடையாது. மேலே அது பேசினால் கீழே இருப்பது பேசாமல் இருக்கட்டும். தொப்பி வேண்டாம். வேறொருவருடைய நாளில் வேண்டாம். முக்கியமாக, பெயரை மாற்றிவிட்டதால் துணியின் குணம் மாறிவிடும் என்று மட்டும் நினைக்க வேண்டாம். இடுப்பிலிருந்து நெஞ்சுக்கு ஏறினாலும் சாரம் சாரம்தான். அது முதலில் வாளிக்குள் இறங்கத்தான் வேண்டும். பதவி உயர்வு கிடைத்ததும் பழசை மறந்துவிட்டது சட்டையல்ல, நான். உண்மையான பதவி உயர்வு கிடைத்தவளோ அன்று இரவும் தோசைதான் சுட்டாள்.

ஒரு வாரம் பயந்துகொண்டே இருந்தேன். நேற்று அவள் பாடசாலை விட்டு வந்து, தேத்தண்ணீர்க் கோப்பையோடு உட்கார்ந்ததும் மெதுவாகக் கேட்டேன்.

"புள்ளைங்க பேர் ஏதும் வச்சிட்டாங்களா?"

"வச்சிட்டாங்க."

"என்ன?"

"பேரு டீச்சர். எல்லாரோட பேரையும் சொல்லிக் கூப்பிடுறேனாம்."

அப்பாடா என்று மூச்சு விட்டேன். அத்தோடு வாயை மூடியிருக்கலாம். ஆனால் இரண்டு சாரத்தை வெட்டி, கட்டத்துக்குக் கட்டம் சேர்த்துத் தைத்தவன் நான். ஒரு சின்ன ஆசை இருக்காதா?

"சேட்டப் பத்தி யாராவது, ஏதாவது..."

"உங்கள யாருமே பாக்கல."